ஆயுளில் ஒரு முறை, தொண்ணூறு நாள்

ஹைதராபாத்தின் போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் நள்ளிரவு தாண்டியதும் லாரிகள் வந்து நிற்கத் தொடங்கும். டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பெயர் தாங்கிய மொத்தச் சந்தை அது. 2021 ஜனவரி ‘மன் கி பாத்’ உரையில் பிரதமர் இந்தச் சந்தையைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். விற்காமல் தங்கி அழுகும் காய்கறியிலிருந்து இங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவு, சுமார் 500 யூனிட் மின்சாரம். தார்நாக்காவில் இருக்கும் இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தின் உத்தி. விலைபோகாத கத்தரிக்காய்க்குக்கூட ஒரு வழி செய்தாயிற்று. லோடு வராத நாளில் மூட்டை தூக்கும் ஹமாலிக்கு என்ன வழி என்று கேட்டால்தான் பதில் இல்லை. அன்றைக்கு அவருடைய கூலி பூஜ்யம். கூலிக்கு ஈடாக அரசு தரும் தொகையும் பூஜ்யம்.

வேலையில் இருக்கும்போது ஒரு குடும்பத்தின் கைக்கு வருவது எவ்வளவு, வேலை போனபின் உதவித்தொகையாக வருவது எவ்வளவு என்ற ஒப்பீடு, இருநூறு ஆண்டுகளாக மேலை நாடுகளில் ஓயாமல் நடக்கும் வாதம். இரண்டுக்கும் இடைவெளி குறைந்தால் மனிதன் வேலை தேடுவானா, வீட்டில் உட்கார்ந்துவிடுவானா என்பது அதன் உள்ளே இருக்கும் அச்சம். அந்த ஒப்பீட்டை போவன்பள்ளிக்கும் பக்கத்துப் பாலாநகருக்கும் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கிறது என்பதே இங்கே பார்க்கப்போவது. விடையில் பாதியை முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த அச்சத்துக்கு இங்கே இடமே இல்லை. மீதிப் பாதிதான் கவலைக்குரியது.

முதலில் அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1834இல் இங்கிலாந்து தன் வறியோர் சட்டத்தைத் திருத்தி எழுதியது. அரசு உதவியில் வாழ்பவன் நிலை, உழைத்துப் பிழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையைவிட எப்போதும் மோசமாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. உதவி கேட்டு வருபவர்களை ஏழையர் விடுதிகளில் அடைத்துக் கல் உடைக்க விட்டது அந்த விதிதான். 1911இல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது கட்டடம், கப்பல், பொறியியல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிகபட்சம் 15 வாரம் என்று உதவித்தொகை வைத்தார்கள். தொழிலாளியும் முதலாளியும் அரசும் சேர்ந்து கட்டிய பணம். 1942இல் பெவரிட்ஜ் அறிக்கை அதை எல்லாருக்குமாக விரித்தது.

பிறகுதான் குடும்பம் என்ற சிக்கல் வந்தது. சம்பளம் ஆளைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. உதவித்தொகை வீட்டில் எத்தனை வாய் என்று பார்த்துக் கொடுக்கப்படுகிறது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் உதவித்தொகை சம்பளத்தை எட்டிப் பிடித்துவிடும். 1971இல் குறைந்த கூலிக் குடும்பங்களுக்கு ஒரு துணைத்தொகையைப் பிரிட்டன் கொண்டுவந்தபோது, சம்பளம் ஒரு பவுண்டு உயர்ந்தால் சலுகைகளில் ஒரு பவுண்டுக்கும் மேலே பறிபோகும் விநோதம் உண்டானது. ‘வறுமைப் பொறி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பதுபோல என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 2013இல் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 26,000 பவுண்டுக்கு மேல் உதவி பெறக்கூடாது என்று உச்சவரம்பு கட்டினார்கள். உழைக்கும் குடும்பத்தின் சராசரி வருமானத்தை வைத்து நிர்ணயித்த தொகை அது. அதே ஆண்டு தொடங்கிய ஒருங்கிணைந்த உதவித் திட்டத்தில், கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 65 பென்ஸ் பிடித்தார்கள். 2021இல் அது 55 பென்ஸாகக் குறைந்தது. இந்தச் சதவீதத்தைச் சுற்றித்தான் அங்கே தேர்தல்களே நடக்கின்றன.

நம் பக்கம் கதை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் கூறு, வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையைத் தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. வழிகாட்டு நெறி என்பதால் நீதிமன்றம் ஏறிக் கேட்க முடியாது. பி.பி. அடார்க்கரின் 1944 அறிக்கையை ஒட்டி 1948இல் பிறந்த தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது, நோய், மகப்பேறு, வேலையில் காயம் மூன்றையும் எடுத்துக்கொண்டது. வேலையின்மையை எடுத்துக்கொள்ளவில்லை. 1952 பிப்ரவரி 24 அன்று டில்லியிலும் கான்பூரிலும் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு, வேலை போனவனுக்கும் ஏதாவது கொடுக்கலாம் என்று தோன்ற 53 ஆண்டுகள் ஆயின.

2005 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. தொழிற்சாலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ, வேலைக்குச் சம்பந்தமில்லாத விபத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ சம்பளத்தில் பாதி. முதலில் ஐந்து ஆண்டுச் சந்தா கேட்டார்கள், பிறகு அதைத் தளர்த்திக்கொண்டே வந்து இரண்டு ஆண்டாக்கினார்கள். இப்போது முதல் 12 மாதம் 50 சதவீதமும் அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் கிடைக்கும். தாளில் படித்தால் ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதுபோல இருக்கும். சட்டப்படி மூடப்பட்டது, சட்டப்படி ஆட்குறைப்பு என்று நிரூபிக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பாலாநகர், ஜீடிமெட்லா பட்டறைகளில் ஆட்குறைப்பு என்பது ஒரு வாக்கியம்: நாளையிலிருந்து வர வேண்டாம். அந்த வாக்கியத்துக்கு ரசீது கிடையாது.

அடுத்தது 2018 ஜூலை 1 முதல் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. காரணம் கேட்காமல், வேலை போன ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 25 சதவீதம், 90 நாள் வரை. கொரோனா வந்ததும் 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதை 30 நாளாகக் குறைத்தார்கள். சோதனைத் திட்டமாகத் தொடங்கியது, தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. ஆயுளில் ஒரு முறைதான் பெறலாம். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952ஆம் ஆண்டு 102ஆவது உடன்படிக்கை இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஓர் ஆணை மாதிரிக் குடும்பமாக எடுத்துக்கொண்டு, வேலை போனால் பழைய வருமானத்தில் 45 சதவீதமாவது, ஆண்டுக்கு 13 வாரமாவது தர வேண்டும் என்கிறது. 13 வாரம் என்றால் 91 நாள். நம் திட்டம் 50 சதவீதம், 90 நாள். பார்த்தால் ஏறக்குறைய அதே அளவு. அவர்கள் சொன்னது 12 மாதத்துக்கு ஒரு தடவை, நாம் கொடுப்பது ஒரு பிறவிக்கு ஒரு தடவை. அந்த உடன்படிக்கையை இந்தியா ஏற்கவும் இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். மேலே சொன்ன மாதிரிக் குடும்பத்தையே பழைய போவன்பள்ளியில் குடிவைப்போம். கணவர் பாலாநகரில் லேத் பட்டறைத் தொழிலாளி; பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் பட்டறை, அதனால் ஈ.எஸ்.ஐ. உண்டு. மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 14,000. பி.எஃப். 12 சதவீதம் 1,680, ஈ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 135, தெலங்கானா தொழில்வரி 150. கைக்கு வருவது 16,035. மனைவி இரண்டு அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்து 6,000 கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலும் டீயும் மதியச் சாப்பாட்டுச் செலவுமாக வேலைக்குப் போவதற்கே 1,500 ஆகிறது. வேலைச் செலவைக் கழித்தால் வீட்டின் மாத வருமானம் 20,535.

கணவருக்கு வேலை போகிறது. நாள் சம்பளம் 600, அதில் பாதி 300, 90 நாளுக்கு 27,000. மூன்று மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 9,000. மனைவியின் 6,000த்தையும் சேர்த்தால் வீட்டுக்கு 15,000. பழைய வருமானத்தில் 73 சதவீதம்! ஒரு புள்ளிவிவர அதிகாரி இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் போனால் கைதட்டு வாங்கி வரலாம்.

ஆனால் வேலையின்மை மூன்று மாதத்தோடு முடிவதில்லை. ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை என்றால், வீட்டுக்கு வந்திருப்பது 27,000மும் மனைவியின் 36,000மும், ஆக 63,000. வேலை இருந்திருந்தால் 1,23,210. பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஓராண்டு நீண்டால் 99,000. வர வேண்டியது 2,46,420. ஐந்தில் இரண்டு பங்கு. அந்த 99,000த்தில் 72,000 யாருடையது என்று பாருங்கள். மனைவி பாத்திரம் கழுவிச் சம்பாதித்தது. அவர் வேலைக்குப் போகாத வீடாக இருந்தால் ஆண்டுக்கு 27,000 மட்டும். பழைய வருமானத்தில் 16 சதவீதத்துக்கும் குறைவு.

நம் ஊரில் வேலையின்மைக் காப்பீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது மனைவிதான். அதற்கடுத்து அண்ணன், மாமனார் வீடு, ஊரில் இருக்கும் அரை ஏக்கர், கழுத்தில் இருக்கும் தங்கம். சீட்டை முன்கூட்டித் தள்ளி எடுப்பார்கள். நகை அடகுக்கடைக்குப் போகும். அதுவும் போதாதபோது பத்தாம் வகுப்பு முடித்த மூத்த பெண் துணிக்கடைக்குப் போவாள். இவை எதுவும் எந்த வருமான ஒப்பீட்டிலும் உதவித்தொகை என்ற கட்டத்தில் எழுதப்படுவதில்லை. எழுதினால், அரசு கொடுக்காததைக் குடும்பம் எத்தனை வட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பி.எஃப். இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2018 இறுதியில் விதியை மாற்றி, ஒரு மாதம் வேலை இல்லாமல் இருந்தால் சேமிப்பில் 75 சதவீதம் எடுக்கலாம் என்றார்கள். நம் லேத் தொழிலாளியின் கணக்கில் அவர் பங்கு 1,680மும், முதலாளி பங்கில் ஓய்வூதியத்துக்குப் போனது போக மிச்சம் 514மும் மாதாமாதம் சேர்ந்தால் ஐந்து ஆண்டில் வட்டி நீங்கலாக 1,31,000க்கு மேல் இருக்கும். அதில் முக்கால் பங்கு கிட்டத்தட்ட ஒரு லட்சம். ஈ.எஸ்.ஐ. தரும் 27,000த்தைப்போல நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆக நடைமுறையில் இந்தியத் தொழிலாளியின் வேலையின்மைப் படி, அவருடைய அறுபதாவது வயதிலிருந்து அவரே வாங்கும் கடன். அன்றைக்கு அதைத் திருப்பிக் கேட்க யாரும் வரமாட்டார்கள். சோறு கேட்டு அவரே வருவார்.

பெரிய ஆலைக்காரர்களுக்கு இன்னொரு வழி இருந்தது. பாலாநகரில் 1961இல் உருவான ஐ.டி.பி.எல். மருந்து நிறுவனத்தின் ஆலையும் அதன் குடியிருப்பும் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தின் பெருமை. 1992இல் நிறுவனம் நலிந்தது என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தேசியப் புதுப்பிப்பு நிதியைத் தொடங்கியது. வேலை போகும் தொழிலாளிக்கு மறுபயிற்சி, மறுவேலை என்று அறிவித்த நிதியில் பெரும்பகுதி விருப்ப ஓய்வுத் தொகைக்கே போனது. 2000இல் நிதியையே மூடிவிட்டார்கள். மொத்தமாகக் கைக்கு வந்த தொகை எங்கே போயிற்று என்று அந்தத் தலைமுறை வீடுகளில் கேட்டால், பாதி வீடுகளில் ஒரு கல்யாணமும், மீதியில் நொடித்துப்போன ஒரு கடையும் விடையாக வரும். தமிழ்நாட்டில் 2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது பல ஆயிரம் இளைஞர்கள் இதேபோல ஒரு தொகையோடு ஊர் திரும்பினார்கள். மொத்தத் தொகை வேறு, மாதாமாதம் வரும் தொகை வேறு. வீட்டு வாடகை மாதாமாதம்தான் கேட்கப்படுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஈ.எஸ்.ஐ. எண் உள்ள பாக்கியவான்கள் கதை. சந்தை ஹமாலிக்கு முதலாளி யார்? கமிஷன் ஏஜென்ட்டா, விவசாயியா, லாரிக்காரரா? மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குபவருக்கு நாள் சம்பளமே இல்லை, பிறகு எதில் பாதி? ஹைதராபாத்தின் சந்திப்புகளில் காலை ஏழு மணிக்கு ‘அட்டா’ என்னும் கூலியாட்கள் கூடுமிடத்தில் கரண்டியோடும் மட்டப்பலகையோடும் நிற்பவர்களை ஒன்பது மணிவரை யாரும் கூப்பிடாவிட்டால் அன்றைய வேலையின்மை தொடங்கிவிட்டது. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அவர் வேலையற்றவர் இல்லை. வாரத்தில் ஒரு நாள், அதிலும் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் அந்த வாரம் வேலையில் இருந்தவர் என்றுதான் அரசுக் கணக்கெடுப்பின் வாரக் கணக்கு எழுதிக்கொள்ளும். 2017-18இல் 6.1 சதவீதம் இருந்த வேலையின்மை 2023-24இல் 3.2 சதவீதமாகிவிட்டது என்று அறிக்கை வரும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்புகளில் எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடம் வேலையின்மை மிகக் குறைவு, பட்டதாரிகளிடம் பல மடங்கு அதிகம். படிக்காதவனுக்கு வேலை எளிதாகக் கிடைக்கிறது என்பதல்ல இதற்குப் பொருள். சும்மா இருக்க வசதி வேண்டும்.

2020 இதை யாரும் மறுக்க முடியாதபடி காட்டியது. போவன்பள்ளி நாக்பூர் நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது. ஊரடங்கு வந்த ஏப்ரலில் அந்தச் சாலையில்தான் கட்டடத் தொழிலாளிகள் மேட்சல் வழியாக வடக்கே நடந்தார்கள். தெலங்கானா அரசு ரேஷன் அட்டை உள்ள குடும்பத்துக்கு 1,500 ரூபாயும், வெளிமாநிலத் தொழிலாளி ஒருவருக்கு 12 கிலோ அரிசியும் 500 ரூபாயும் கொடுத்தது. அதுகூடக் கொடுக்காத மாநிலங்கள் உண்டு என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஒப்பீடு என்று வந்துவிட்டோமே: 500 ரூபாய் என்பது ஒரு நல்ல கொத்தனாரின் ஒரு நாள் கூலிக்கும் குறைவு. மே 1 அன்று நாட்டின் முதல் தொழிலாளர் சிறப்பு ரயில் இதே நகரத்து லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்குச் சுமார் 1,200 பேரோடு புறப்பட்டது. வேலை போனவருக்குச் சம்பளத்தில் பாதியை மூன்று மாதம் இருந்த இடத்திலேயே கொடுத்திருந்தால் அந்த ரயிலில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்?

அதே காலத்தில் அமெரிக்கா வேறொரு சோதனை செய்தது. வழக்கமான உதவித்தொகையோடு வாரம் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களுக்கு வேலையில் இருந்ததைவிட அதிகப் பணம் வந்தது. 1834இன் அச்சம் முழு உருவம் எடுத்த தருணம் அது. 2021 கோடையில் சில மாநிலங்கள் கூடுதல் உதவியை முன்கூட்டியே நிறுத்திப் பார்த்தன. ஆட்கள் வேலைக்குப் பாய்ந்து வருவார்கள் என்று எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. டென்மார்க்கில் காப்பீட்டு நிதியில் சேர்ந்தவருக்கு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை இரண்டு ஆண்டு கிடைக்கும். டென்மார்க்காரர்கள் யாரும் திண்ணையில் படுத்துத் தூங்குவதாகத் தகவல் இல்லை. உதவித்தொகை வேலை தேடும் நாட்களைச் சற்று நீட்டும் என்பதை ஆய்வுகள் ஏற்கின்றன. அந்த நீட்டிப்பைச் சோம்பல் என்று படிப்பவர்களும் உண்டு, தனக்கேற்ற வேலையைத் தேட வாங்கிய அவகாசம் என்று படிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. காரணம் போவன்பள்ளிப் பக்கம் கண்ணில் படும் காட்சிதான். பத்து ஆண்டு லேத்தில் கைதேர்ந்தவர் வேலை போன பதினைந்தாம் நாள் அடுக்குமாடிக் காவலாளியாக நீலச் சட்டை போட்டுக்கொள்கிறார், அல்லது பைக்கில் உணவுப் பொட்டலம் எடுத்துப் போகிறார். வேலையின்மைக் கணக்கில் அவர் வரமாட்டார். அவர் கையில் இருந்த தொழில் எந்தக் கணக்கிலும் வரமாட்டாது.

மாநில அரசுகள் தரும் ‘வேலையில்லா இளைஞர்’ உதவிகளையும் இங்கே சொல்ல வேண்டும், சுருக்கமாக. கேரளம் 1982இல் தொடங்கிய திட்டத்தில் மாதம் 120 ரூபாய் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2006இல் விரிவாகத் தொடங்கிய திட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று ஆண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் 6,000க்குள் வாழும் வீட்டின் பட்டதாரிக்கு அந்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆந்திரம் 2018இல் மாதம் 1,000 என்று தொடங்கி அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 2,000 ஆக்கியது. ஆட்சி மாறியதும் நின்றது. தெலங்கானாவில் 2018 தேர்தலில் ஆளும் கட்சி மாதம் 3,016 ரூபாய் ‘நிருத்யோக பிருதி’, அதாவது வேலையின்மைப் படி, தருவதாகச் சொன்னது. அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 1,810 கோடி ஒதுக்கியும் காட்டியது. ஒருவர் கைக்கும் வரவில்லை. 2023 மே மாதம் சரூர்நகர்க் கூட்டத்தில் அடுத்த கட்சி 4,000 என்றது. ஏலம் மட்டும் நடந்தது.

இந்தப் பிருதிகள் அனைத்துக்கும் ஒரே குறை. வேலைக்குள் இன்னும் நுழையாத படித்த இளைஞரைத்தான் இவை வேலையற்றவர் என்று கருதுகின்றன. நாற்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளோடு, பட்டறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்கு ஓட்டு உண்டு, பிருதி கிடையாது.

சரி, வறுமைப் பொறி இங்கே இல்லவே இல்லையா? இருக்கிறது. வேலைக்கும் வேலையின்மைக்கும் நடுவில் இல்லை, வேலைக்குள்ளேயே இருக்கிறது. தெலங்கானாவில் நகரத்துக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருந்தால்தான் உணவுப் பாதுகாப்பு அட்டை. அந்த அட்டை இருந்தால் ஆளுக்கு 6 கிலோ அரிசி, 2025 உகாதி முதல் சன்ன அரிசியாகவே. 200 யூனிட் வரை இலவச மின்சாரமும், 500 ரூபாய் சிலிண்டரும் அதே அட்டையில் தொங்குகின்றன. நான்கு பேர் வீட்டுக்கு இவற்றின் மதிப்பு, என் தோராயக் கணக்கில், மாதம் 2,000 ரூபாய் ஆகும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் சம்பளம் 16,500 என்றால் ஆண்டுக்கு 1,98,000, அட்டை உண்டு. முதலாளி மனமிரங்கி 700 ரூபாய் கூட்டினால் 2,06,400, அட்டை இல்லை. 700 வந்து 2,000 போகிறது. 1971இன் பிரிட்டிஷ் பொறி அச்சு அசலாக. நல்லவேளை, இந்த விதியை யாரும் மாதாமாதம் சரிபார்ப்பதில்லை. நம் நாட்டில் பல சட்டங்களை மனிதர்கள் வாழக்கூடியதாக ஆக்கி வைத்திருப்பது அலுவலகச் சோம்பல்தான்.

ஈ.எஸ்.ஐ.யிலும் ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. மாதச் சம்பள உச்சவரம்பு 21,000. 2017 ஜனவரி 1 அன்று வைத்தது. அதற்குப் பிறகு விலைவாசி எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. சம்பளம் அதைத் தாண்டினால், நடப்பு ஆறு மாதச் சந்தாக் காலம் முடிந்ததும் சனத்நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கதவும் மூடும், வேலையின்மைப் படியும் போகும். வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கும் தொழிலாளி, சம்பள உயர்வு வேண்டாம் என்று கெஞ்சுவது அதனால்தான்.

சலுகைகளின் இன்னொரு குணத்தைக் கவனிக்க வேண்டும். வேலை இருந்தாலும் போனாலும் அரிசி அதே அளவு, மின்சாரம் அதே அளவு, 2023 டிசம்பர் 9 முதல் பெண்களுக்குப் பேருந்தும் அதே இலவசம். இதில் நன்மை உண்டு: வேலைக்குப் போனால் சலுகை போய்விடுமே என்று யாரும் வீட்டில் இருக்கத் தேவையில்லை. ஆனால் இந்த வலைக்கு நாம் எப்போது விழுந்தோம் என்று தெரியாது. அட்டை இல்லாத நம் லேத் குடும்பம், மொத்த வருமானம் ஒரே மாதத்தில் 24,000த்திலிருந்து 6,000 ஆனதும் தகுதி பெற்றுவிடுகிறது. புதிய அட்டைக்கு விண்ணப்பித்தால்? தெலங்கானாவில் பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல்தான் பெரிய அளவில் புதிய அட்டைகள் கொடுக்கத் தொடங்கினார்கள். 90 நாள் பசிக்குப் பல ஆண்டு வரிசை.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குப் பெரிய புரட்சித் திட்டம் எதுவும் இல்லை. 2002இல் இரண்டாவது தேசியத் தொழிலாளர் ஆணையம் வேலையின்மைக் காப்பீட்டைப் பரிந்துரைத்தது. அது நூலகத்தில் இருக்கிறது. ‘ஆயுளில் ஒரு முறை’ என்ற மூன்று சொற்களில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து ஆண்டில் ஒரு முறை என்று ஆக்கலாம். இன்றைய பட்டறை வேலை ஐந்து ஆண்டு நிலைப்பதே அபூர்வம். 21,000த்தை விலைவாசிக் குறியீட்டோடு கட்டிவிடலாம். சந்தை ஹமாலிகளுக்கு, வியாபாரத்தின் மேல் வசூலிக்கும் சந்தைக் கட்டணத்திலிருந்தே ஒரு காப்பீட்டுப் பங்கு ஒதுக்கலாம். மகாராஷ்டிரம் 1969இலேயே மூட்டை தூக்குவோருக்கெனச் சட்டம் கொண்டுவந்து, மாத்தாடி வாரியங்கள் வழியாக முதலாளி யார் என்ற கேள்வியைத் தாண்டிக் காட்டியிருக்கிறது. முன்னோடி இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களைக் குறைக்கும்போது, நீங்களாகவே போகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுவிடாதீர்கள், விருப்ப ஓய்வு என்று தாளில் ஏறிவிட்டால் அந்த 90 நாளும் போய்விடும். வேலை போய் 30 நாள் ஆனதும் மனுவை நேராக ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். பழைய முதலாளி வழியாகப் போக வேண்டும் என்ற விதி 2020இலேயே எடுக்கப்பட்டுவிட்டது.